குதிகாலடியில் கரையும் மணல்

கடலைப் பார்த்தபடி அலையில் கால் நனைத்து நிற்கும்போது, வந்த அலை திரும்புகையில் குதிகாலுக்கடியில் மணல் நழுவுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அலை மணலை வாரிக்கொண்டு போகிறது என்று நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். குழி ஏன் விரல்களை விட்டுவிட்டுக் குதிகாலில் தொடங்குகிறது என்று யோசித்ததில்லை. திரும்பும் நீர் முதலில் மோதுவது குதிகாலில்தான்.

தரையை ஒட்டிய நீர் உராய்வினால் மெதுவாகவும், அதற்கு மேலுள்ள நீர் வேகமாகவும் ஓடுகின்றன. ஒரு தடையின் முகப்பில் மோதி நிற்கும்போது அந்த வேகம் அழுத்தமாக மாறுவதால், முகப்பின் மேற்பகுதியில் அழுத்தம் மிகுந்தும் அடிப்பகுதியில் குறைந்தும் இருக்கும். எனவே நீர் முகப்பை ஒட்டிக் கீழே பாய்ந்து, தரையில் மோதி, வந்த திசையை நோக்கியே திரும்பிச் சுருள்கிறது. அந்தச் சுருளின் இரு முனைகளையும் ஓட்டம் தடையின் இரு பக்கமும் இழுத்துச் செல்வதால், மேலிருந்து பார்த்தால் குதிரை லாடம் போலிருக்கும். மணலைத் தோண்டுவதில் முதல் பங்கு இந்த லாடச் சுழலுக்குத்தான்.

பின்புறச் சுழல்கள்தாம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. நீர்மட்டத்துக்கு மேலே நீளும் உருளைத் தூணின் பின்னால் அவை இடமும் வலமுமாக மாறி மாறிக் கழல்கின்றன. 2 மீட்டர் அகலத் தூணை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீர் கடந்தால், ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு ஒரு ஜோடி. முழுவதும் மூழ்கிய கட்டை என்றால் நீர் அதன் தலைக்கு மேலும் பாயும் என்பதால், இரு கால்களையும் தரையில் ஊன்றிய வளைவு போன்ற சுழல் பின்னால் உருவாகிறது. கனசதுரக் கட்டையைக் கடந்த ஓட்டம் அதன் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவிலேயே மீண்டும் தரையைத் தொட்டுவிடும். வாய்க்காலின் குறுக்கே முழு அகலத்துக்கும் கிடக்கும் தடுப்புக்கு அத்தொலைவு பல மடங்காகிறது. பக்கவாட்டில் நீர் வந்து சேர அங்கே வழியில்லை.

பாலத் தூண்களில் முகப்பின் அந்த லாடச் சுழல் உயிர்களைக் காவு வாங்கியிருக்கிறது. 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி சிற்றாற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம், வெள்ளம் தூணின் ஆழமற்ற அடித்தளத்தைக் குடைந்ததால் சரிந்து, 10 பேர் இறந்தனர்.

இத்தகைய குழி வெள்ளத்தின் உச்சத்தில் மிக ஆழமாக இருந்து, நீர் வடியும்போது மேலிருந்து வரும் மணலால் பெரும்பாலும் தூர்ந்துவிடும் என்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. வற்றிய ஆற்றில் இறங்கி அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். அதனாலேயே சில பாலங்களில், தூணருகே ஆற்றுப்படுகையில் இறக்கிய குழாயைச் சுற்றிக் கனத்த வளையம் ஒன்றைப் போட்டு வைக்கிறார்கள். குழி ஆழமாக ஆழமாக வளையமும் கூடவே இறங்கும். மணல் மூடினாலும் மேலே வராது. வெள்ளம் வடிந்த பின் வளையம் புதைந்து கிடக்கும் இடமே அந்தக் குழி எட்டிய ஆழம்.