கன்னத்தில் விலைச்சீட்டோடு ஒரு ரோமானியத் தலை

2018இல் டெக்சாஸின் ஆஸ்டினில் பயன்படுத்திய பொருட்களை விற்கும் ஒரு கடையில் 34.99 டாலருக்கு விற்ற பளிங்குச் சிலை அது. கன்னத்திலேயே மஞ்சள் விலைச்சீட்டு. வாங்கியவர் காரில் ஏற்றி சீட் பெல்ட் மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார், அப்புறம் ஏல நிறுவனங்களிடம் விசாரித்தபோதுதான் அது சுமார் 2,000 ஆண்டு பழமையான ரோமானியச் சிலை என்று தெரிந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பழைய புகைப்படம்தான். ஜெர்மனியின் ஆஷஃபன்பர்கில், பண்டைய ரோமானிய நகரமான பாம்பெயின் வீடு ஒன்றை மாதிரியாக வைத்து பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் கட்டிய பொம்பெயானம் என்ற கட்டடத்தில் இதே முகம் இருந்ததை 1930களின் படம் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கட்டடம் குண்டடி பட்டது. பிறகு அமெரிக்கப் படை அந்த ஊரில் பல ஆண்டுகள் இருந்தது, யாரோ ஒரு படைவீரர் எடுத்து வந்திருக்கலாம் என்பதே பலரின் கணிப்பு. டெக்சாஸின் சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் கொஞ்சகாலம் வைத்துவிட்டு ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பினார்கள். அதுதான் சரி.