மன்னார் வளைகுடாவில் மடி இழுக்கும் படகைத் திரையில் அடையாளம் காண்பது

மாட்டுத்தாவணி மீன் சந்தையில் இறங்கும் பெட்டியைப் பார்த்து, மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. படகு தன் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் தரவிலிருந்து அதன் தடம் கிடைத்தால் ஓரளவு சொல்லலாம். அதற்கு மதுரையில் ஒரு கணினி போதும்.

முதலில் எல்லை. தூத்துக்குடி வான்தீவிலிருந்து ராமேசுவரம் பக்கம் சிங்கிளித் தீவு வரை 21 தீவுகள். 1986-இல் அறிவித்த தேசியப் பூங்கா, 560 சதுர கிலோமீட்டர். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது 9.26 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மடி (கடலடியில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) இழுக்கக் கூடாது. தீவுகள் பெரும்பாலும் அந்தப் பட்டைக்குள்தான் கிடக்கின்றன. இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குள் வந்த படகெல்லாம் குற்றம் செய்ததாகாது. துறைமுகம் திரும்பும் வழியாகவும் இருக்கலாம். வேகத்தைப் பாருங்கள். ஓடும் படகு ஏழெட்டு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகும். மடி இழுக்கும்போது 2 முதல் 4 நாட்தான். நீண்ட நேர்கோடு, திரும்பல், மறுபடி நேர்கோடு. மடியை ஏற்றும்போது வேகம் அநேகமாக நின்றுவிடும். நேரத்திலும் கவனம் வேண்டும். தரவு கிரீன்விச் நேரத்தில் வரும்; ஐந்தரை மணி கூட்ட மறந்தால் நள்ளிரவுத் தொழில் மாலைத் தொழிலாகத் தெரியும்.

ஏஐஎஸ் கருவி 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்குத்தான் கட்டாயம். சிக்னல் அறுந்ததை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்: பேட்டரி இறங்கியிருக்கும், ஆன்டெனா தாழ்வாக இருக்கும்.

கருவி இல்லாத படகைத் தேட, ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுக்கும் ரேடார் படம் இலவசமாகக் கிடைக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும், சிறு ஃபைபர் வள்ளம் பெரும்பாலும் படாது. ஆடிக்காற்றில் கடல் கொந்தளித்தால் மரப்படகும் அந்த இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) அலை உடையும் இடமும் படகு போலவே வெள்ளைப் புள்ளியாக மின்னும். இதைக் கழிக்க நல்ல வழி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலப் படங்கள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் புள்ளிகளைக் குறித்து வைத்து, மற்ற மாதப் படங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். சலிப்பான வேலைதான், இதைச் செய்யாத கணக்கை நாங்கள் நம்பமாட்டோம்.

சந்தேகம் உறுதியானால் அட்சரேகை, தீர்க்கரேகை, இந்திய நேரம், வேகம், படத்தின் தேதி ஆகியவற்றை எழுதி ராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படகு எண்ணைப் பொதுவெளியில் போட வேண்டாம். ரேடார் புள்ளியில் எண் தெரியாது, ஊகத்தில் எழுதினால் தவறான குடும்பத்தின் பிழைப்பில் கைவைத்ததாகிவிடும்.