தோட்டத்து மாரியம்மன் முன்னிலையில் ஒரு சதாபிஷேகம்

பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம் எங்கே செய்வது என்று மூன்று மாதம் பேசினோம். எல்லோர் வாயிலும் திருக்கடையூர்தான். மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமான் எமனை உதைத்த தலம். அறுபதுக்கும் எண்பதுக்கும் மணவறை ஏற அதைவிட நல்ல இடம் ஏது? விமான டிக்கெட்கூடப் பார்த்தாகிவிட்டது. பெரியம்மா மட்டும் அசையவில்லை. "எங்கள் கல்யாணத்துக்குத் துணை நின்றவள் தோட்டத்து மாரியம்மன். அவளை விட்டுவிட்டுக் கடல் தாண்டி எங்கே போவது?" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட், முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். அங்கிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே மண்சாலையில் திரும்பினோம். பால் தந்த ரப்பர் மரங்கள் இல்லை. பெரியப்பா குடியிருந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், நின்ற இடமும் தெரியவில்லை. வேப்பமரமும் அம்மனும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். 1966-இல் இங்கேதான் பெரியப்பா தாலி கட்டினார்.

எண்பது கடந்த சில மாதங்களில் ஆயிரமாவது பௌர்ணமி வந்துவிடும். ஆயிரம் பிறை கண்டவர் என்பது அதனால்தான். யாகம் முடிந்து, பேரப்பிள்ளைகள் சல்லடை வழியாகக் கலச நீரை ஊற்றினார்கள். நனைந்த தலையோடு இருவரும் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு மாங்கல்யதாரணம். நாற்பது வருடம் பால்வெட்டுக் கத்தி பிடித்த விரல்கள். வலது ஆட்காட்டி விரல் முழுதாக நிமிராது. மஞ்சள் கயிறு இரண்டு முறை நழுவியது. அத்தை உதவிக்குக் கை நீட்டினார். "இரு, நானே போடுகிறேன்" என்றார் பெரியப்பா. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்றாவது முடிச்சு விழும்வரை தவில்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தவே இல்லை. அவருக்கு ஒரு கும்பிடு.

வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே வெட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரியப்பா முன்னால் நடப்பாராம். அந்த வெளிச்சத்தில் பெரியம்மா. தன் நிரை, அதாவது தன் பங்கு மரவரிசை, முடிந்ததும் பெரியப்பா பெரியம்மாவின் நிரைக்கு வந்து மிச்ச மரங்களை வெட்டிக் கொடுப்பாராம். "மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடிப்போம்" என்று பந்தியில் சொன்னார் பெரியம்மா. சொல்லும்போதே பெரியப்பாவின் இலையில் இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார்.

புறப்படுமுன் கோயிலைச் சுற்றினார்கள். பெரியப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். அவர் துண்டின் நுனியைப் பிடித்தபடி பெரியம்மா முன்னால் நடந்தார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்று, "வேர் இருக்கிறது, பார்த்து" என்றார். பெரியப்பா காலை உயர்த்தி வைத்தார். மூன்று சுற்றிலும் அதே இடத்தில் நின்றார், அதையே சொன்னார்.