டபுள் ஸ்பீடு தம்பியும் பர்ச்சேஸ் அக்காவும்

நம்ம ஆபீஸ் பர்ச்சேஸ் அக்காவைத்தான் தெரியுமே. ரங்கநாதன் தெருவுல ஹேர்பின் வாங்கினாக்கூட ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு கேக்கிற ஆள். அவங்ககிட்ட நேத்து லீஸ்டு லைன், அதான் ஆபீஸுக்குன்னே தனியா எடுக்கிற இன்டர்நெட் லைன், ரென்யூவல் பேச டெலிகாம் கம்பெனித் தம்பி டை கட்டிக்கிட்டு வந்தான்.

"மேடம், அதே ரேட்டு. 100 எம்பிபிஎஸ் ஸ்பீடை 200 ஆக்கித் தரோம்."

அக்கா ரவுட்டர் கிராஃபைத் திருப்பிக் காட்டினாங்க. நம்ம ஆபீஸ் 60-ஐத் தாண்டினதே இல்லை, அந்த 60-ம் ஐபிஎல் அன்னிக்கு. "எனக்கு எதுக்குப்பா 200? நூறே இருக்கட்டும், ரேட்டைப் பாதியாக்கு."

தள்ளுபடி சதவீதமெல்லாம் அக்கா காதுல ஏறாது. எந்த விலையிலிருந்து தள்ளினான்னு அவனுக்குத்தானே தெரியும்? ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு மாசம் எத்தனை ரூபாய், அது ஒண்ணுதான் கேள்வி. இன்ஸ்டலேஷன் ஃப்ரீன்னான். மூணு கம்பெனி கொட்டேஷனையும் எடுத்து, மூணு வருஷத்துக்குக் கட்டப்போற மொத்தத் தொகையை ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு முன்னாடி பக்கத்துல பக்கத்துல எழுதினாங்க. ஃப்ரீ எங்க ஒளிஞ்சிருந்துச்சோ, வெளிய வந்துடுச்சு.

அடுத்து நம்ம ஆபீஸ் சிம் லிஸ்ட். 140 சிம்முல 23 சிம் மூணு மாசமா வாயே திறக்கலை. வித்துட்ட வேனோட ஜிபிஎஸ் சிம் மட்டும் ஜோரா ஓடுது. வேன் இப்போ கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் ஏத்துதாம், பில்லு நம்மளது. இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே வெட்டணும். ஒப்பந்தத்துல 'குறைந்தபட்ச இணைப்புகள்'னு ஒரு வரி வரும், அப்புறம் வெட்டினா செத்த சிம்முக்கும் வாடகை கட்டணும்.

99.5 சதவீதம் லைன் இருக்கும்னு தம்பி பெருமையாச் சொன்னான். அப்படின்னா 30 நாள் மாசத்துல 3 மணி 36 நிமிஷம் லைன் படுத்தாலும் அவங்க மேல தப்பில்லை. அதுக்கு மேல போனாத்தான் பில்லுல கழிப்பாங்க, அதுவும் நாம கேட்டாத்தான். போன்ல கத்தின நேரம் கணக்குல வராது, புகாருக்கு டிக்கெட் நம்பர் விழுந்த நேரத்துலேருந்துதான் கடிகாரம் ஓடும். 'கேக்காமலே கழிக்கணும்'னு ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க அக்கா. கூடவே வருஷத்துக்கொரு தடவை ரேட்டு மறுபரிசீலனை, விலகறதுக்கு நோட்டீஸ் 90 நாள் கிடையாது, 30 நாள்தான், தானா ரென்யூ ஆகிற வரி அறவே கூடாது. தம்பிக்கு டை இறுக ஆரம்பிச்சுது.

போட்டிக் கம்பெனி கொட்டேஷனைக் காட்டினா எந்த சேல்ஸ்காரனும் பயப்படமாட்டான். புது ஃபைபர் இழுக்க ரோடு தோண்டப் பர்மிஷன் வாங்கறதுக்குள்ள ஒப்பந்தமே முடிஞ்சுடும்னு அவனுக்குத் தெரியும். அக்கா நாலு மாசம் முன்னாடியே இன்னொரு கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு சர்வேயை முடிச்சு வச்சிருந்தாங்க. எந்தக் கம்பம், எந்தக் குழாய் வழியா லைன் வரும்னு அந்தப் படத்தை மேஜை மேல விரிச்சதும் தம்பி தண்ணி கேட்டான்.

சரியா அந்த நேரத்துல முதலாளி கதவைத் திறந்தார்.

"அட, வாப்பா! உங்க லைனை விட்டுட்டு நாங்க எங்கப்பா போகப்போறோம்!"

தம்பி தண்ணியைக் கீழ வச்சுட்டு காபி கேட்டான்.

இன்னிக்குக் காலைல திருத்தின ஒப்பந்தம் மெயில்ல வந்திருக்கு. ரேட்டு கொஞ்சம்போல குறைஞ்சிருக்கு, ஸ்பீடு 200, தானா ரென்யூ ஆகிற வரி பதினாலாம் பக்கத்துல பத்திரமா இருக்கு. அக்கா சிவப்புப் பேனாவோட உக்காந்திருக்காங்க. முதலாளி இன்னிக்கு லீவாம்.