500 மில்லி

குழந்தை அழுதாயிற்று, நஞ்சுக்கொடியும் வந்தாயிற்று. லேபர் ரூமில் எல்லோரும் ஆசுவாசப்படும் அந்த நேரத்தில்தான் தாயின் மேல் கண் இருக்க வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவம் முடிந்ததும் கர்ப்பப்பைத் தசை இறுகி, அந்த ரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால் ரத்தப்போக்கு நிற்காது; கவனிப்பார் இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும்.

வைத்தியம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டில், ஒரு லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு நார்வேயில் 2, நைஜீரியாவில் ஆயிரத்துக்கும் மேல். இந்தியாவுக்குள்ளேயே 2018-20 கணக்குப்படி கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195. இது எல்லாக் காரணங்களும் சேர்ந்த கணக்கு. உலக அளவில் அவற்றில் முதலிடம் ரத்தப்போக்குக்குத்தான்.

பல இடங்களில் முதல் தவறு, ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. பாதி துணியில் ஊறிவிடும், கொஞ்சம் பனிக்குட நீரோடு கலந்துவிடும், மீதி இடுப்புக்குக் கீழே தேங்கி நிற்கும். மங்கிய விளக்கில் பார்த்து ‘முந்நூறு இருக்கும்’ என்று எழுதும்போது உண்மையில் எழுநூறு போயிருக்கும். இதற்கு மாற்று, இடுப்புக்கு அடியில் விரிக்கும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், கர்ப்பப்பையின் இறுக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். 500 மில்லியைத் தொட்டாலும் சரி, 300-லேயே நாடியோ அழுத்தமோ தடுமாறினாலும் சரி, சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். பை இல்லாத இடத்தில் நனைந்த துணியை எடை போட்டு, உலர்ந்த துணியின் எடையைக் கழிக்கலாம். ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மில்லி.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. வழக்கமான முறையில் 51 சதவீதம் பேருக்கே கண்டுபிடிக்கப்பட்ட ரத்தப்போக்கு, பை வைத்து அளந்த இடங்களில் 93 சதவீதம் பேருக்குப் பிடிபட்டது. கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அளந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கர்ப்பப்பையைத் தேய்ப்பது, அதை இறுக வைக்கும் ஆக்சிடாசின் மருந்து, உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராம், ட்ரிப்ஸ், கிழிசலோ நஞ்சுத் துண்டோ இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பலிக்கிறதா என்று காத்திருக்கும் பழக்கம்தான் நேரத்தைத் தின்கிறது. நிரம்பிய மூத்திரப்பையும் கர்ப்பப்பையை இறுகவிடாது. அவசரத்தில் அடிக்கடி மறந்துபோவது அதுதான்.

அடுத்த தொல்லை வெப்பம். ஆக்சிடாசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. காலையில் பத்து ஆம்பூலைத் தட்டில் எடுத்து வைத்து, இரவு வரை அதிலிருந்தே போடுவார்கள். கெட்டுப்போன மருந்துக்கு நிறமும் மாறாது, வாடையும் வராது. போட்டும் கர்ப்பப்பை இறுகவில்லை என்றால் பழி தாயின் உடம்பின் மேல் போகும். தடுப்பூசிக்கான குளிர்பெட்டியிலேயே ஆக்சிடாசினுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். தடுப்பூசிக்கென்றே வந்த பெட்டி என்று சொல்லி அதை மறுப்பது நியாயமே இல்லை. மின்சாரம் நிலையில்லாத ஊரில், ரத்தப்போக்கு வராமல் தடுக்க வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் 100 மைக்ரோகிராம் ஊசி உதவும். ஊசி போட ஆளே இல்லாத இடத்தில் மிசோப்ரோஸ்டால் 600 மைக்ரோகிராமை வாய்வழி கொடுக்கலாம். ஆனால் அதன் அலுமினிய உறையை முன்கூட்டியே கிழித்து வைத்தால் காற்றின் ஈரமே மாத்திரையைக் கெடுத்துவிடும்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால், குழந்தை பிறந்த நேரம், ஊசி போட்ட நேரம், பையில் நின்ற மில்லி மூன்றையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். டிரானெக்சாமிக் அமிலம் பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் பலன் தரும். அதிலும் ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. சீட்டில் நேரம் இல்லாவிட்டால், அங்கே இருக்கும் மருத்துவர் மயக்கத்தில் கிடக்கும் தாயிடம் என்ன கேட்பார்?