குருத்தெலும்பு, ஆன்டிபாடி, வைவா: முடித்த கையோடு எழுதுவது

வைவா (வாய்மொழித் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். பெரிய நிம்மதி. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

உங்கள் ஆய்வு குருத்தெலும்பைப் பற்றியது என்றால் ஒரு கேள்வி தப்பாது: "இது மனிதக் குருத்தெலும்பு செல்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" படிக்கிற நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். மிகையாகத் தோன்றலாம், ஆனால் என்னைக் கரைசேர்த்தது இதுதான்.

பலரும் கொலாஜன் 2 (குருத்தெலும்பின் முக்கியப் புரதம்) என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, மேட்ரிக்ஸில் (செல்களைச் சுற்றியிருக்கும் பொருளில்) கிடக்கிறது. அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டு அங்கே நிறம் ஏறியிருந்தால் எப்போதோ ஒரு செல் அதைச் சுரந்திருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். லக்கூனாவுக்குள் (செல் உட்கார்ந்திருக்கும் சிறு குழிக்குள்) இப்போது இருக்கும் செல்லின் நிலையை அது சொல்லாது. கூடவே உட்கருவில் தெரியும் சாக்ஸ்9 (குருத்தெலும்பு மரபணுக்களை இயக்கும் புரதம்) வேண்டும். அதையும் தனியாக நம்பக்கூடாது: மயிர்க்காலிலும் விந்தகத்தின் செர்டோலி செல்லிலும் சாக்ஸ்9 உண்டு. குருத்தெலும்பு செல்லுக்கு இன்னொரு அடையாளமாகச் சொல்லும் எஸ்100 புரதமும் ஷ்வான் செல்லிலும் (நரம்பு இழையைச் சுற்றியிருப்பது) மெலனோசைட்டிலும் (தோலின் நிறமி செல்) வரும்.

அப்புறம், மனித செல்லை எலிக்குள் வைத்து வளர்த்த திசு. கொலாஜன் 2 ஆன்டிபாடிகள் பல எலியின் கொலாஜனையும் பிடிக்கும். அதனால் மனித மைட்டோகாண்ட்ரியாவையோ மனித லாமின் ஏ/சி-யையோ (உட்கரு உறையின் புரதம்) மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று, சாக்ஸ்9 ஆன்டிபாடி ஒன்று, இரண்டையும் போட வேண்டும். இரண்டும் ஒரே செல்லில் தெரிய வேண்டும். பக்கத்துப் பக்கத்து செல்லில் தெரிந்தால் போதாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லிவிட்டால் தேர்வாளரின் முகமே மாறும்.

எனக்கு மனப்பாடம் ஏறாது, எழுதிப் பார்த்தால்தான் நிற்கும். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் நான் எழுதிக்கொண்டவை:

- உட்கருவா, செல் பரப்பா, மேட்ரிக்ஸா?
- வேறு எந்தத் திசுவில் வரும்?
- எந்த விலங்கில் செய்தது? எலியில் செய்த பிரைமரியை (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) எலித் திசுவில் போட்டால், செகண்டரி (முதலாவதைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடி) அந்தத் திசுவின் சொந்த இம்யூனோகுளோபுலினையும் (எலியின் உடலிலேயே உள்ள ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். முயலில் செய்தது கிடைத்தால் தொல்லை குறைவு.
- கால்சியம் நீக்க ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) ஏன்? மெதுவாக வேலை செய்யும், ஆனால் வலுவான அமிலத்தைவிட ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்கும் இலக்கு) நன்றாகப் பிழைக்கும்.
- ஹயலுரோனிடேஸ் (மேட்ரிக்ஸின் ஒரு கூறைச் சிதைக்கும் நொதி) ஏன்? அடர்ந்த மேட்ரிக்ஸைத் தளர்த்தினால்தான் ஆன்டிபாடி உள்ளே போகும்.

தட்டில் வளர்த்த செல்லைப் பற்றியும் கேட்பார்கள். பாசேஜ் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றும் முறை) ஏற ஏறக் கொலாஜன் 2 குறையும், கொலாஜன் 1 கூடும், செல் நீண்டு ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவின் நீண்ட செல்) போல ஆகும். இதற்கு இரண்டு வரி போதும்.

கண்ட்ரோல் ஸ்லைடுகளை (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பவை) கேட்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். பிரைமரி போடாதது, ஐசோடைப் (பிரைமரிக்குப் பதில் எதையும் குறிவைக்காத அதே வகை ஆன்டிபாடி போட்டது), சாதாரண மூட்டுக் குருத்தெலும்பு, இந்த மூன்றும் உங்கள் மாதிரியை எடுத்த அதே எக்ஸ்போஷரில் எடுத்த படங்களாக இருக்கட்டும்.