இஞ்சிச் சாற்றிலிருந்து நானோ பை

இஞ்சியில் இருக்கும், கொழுப்புச் சவ்வு போர்த்திய நுண்ணிய பைகளைப் பிரிச்செடுத்து, அது வீக்கத்தைக் குறைக்குதான்னு பார்க்கணுமா? வேலூர் நேதாஜி மார்க்கெட் இஞ்சியே போதும், மண்ணை மட்டும் சுத்தமா கழுவிடுங்க. மண்ணிலிருக்கும் பாக்டீரியாவோட எண்டோடாக்சின் (அதன் மேலுறையில் இருக்கும் நச்சு) கலந்துட்டா, வீக்கத்தை அடக்க வேண்டிய சாம்பிளே மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல்லைக் கிளப்பி விட்டுடும்.

குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) அரைச்சு வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் 3,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கு விசை) 20 நிமிஷம், 10,000 ஜி-யில் 40 நிமிஷம் சுத்துங்க. நாரும் மாவும் போயிடும். மேல்நீரை 1,00,000 ஜி-யில் 2 மணி நேரம். வேலூர் வெயிலுக்கு ரோட்டரை முன்னாடியே 4 டிகிரிக்குக் கொண்டு வந்துடணும். அடியில் ஒட்டின படிவைப் பிப்பெட் நுனியால குத்தாதீங்க, பை கிழியும். பிபிஎஸ் விட்டு ஐஸ்ல அரை மணி ஊறட்டும். அப்புறம் அடர்த்தி வேறுபட்ட சுக்ரோஸ் அடுக்குகள் மேல விட்டுச் சுத்தி, பைகளைத் தனியா பிரிக்கணும்.

எல்பிஎஸ் (முன்னாடி சொன்ன எண்டோடாக்சின்தான்) கொடுத்து வீக்கம் தூண்டின செல்லில், டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற வீக்கப் புரதம் குறையுதான்னு பார்க்கும்போது, பை எடுத்த மிச்சச் சாறையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இஞ்சியோட காரப்பொருளான ஜிஞ்சரால் தனியாவே வீக்கம் குறைக்கும். அந்தப் பேரை பை தட்டிக்கிட்டுப் போயிடக்கூடாது இல்லையா!